சாதனைக்கு மூன்றாவது பொருள்

“உங்கள் சாதனை என்ன?”

வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் இப்படி ஒரு கேள்வி. கீழே நான்கு வரி எழுதும் அளவுக்கு ஒரு கட்டம். பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு மாதம்கூட ஆகாத என் கைக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. பேனாவை மூடித் திறந்து மூடியதுதான் மிச்சம். கட்டம் காலியாகவே போனது. அன்று பதில் தெரியாமல் போன அதே கேள்வியோடு எங்கள் மாடி வீட்டுக்காரர் ஒருவர் ஐந்து நாள் மல்லுக்கட்டிய கதை இது. கதை அவருடையது. அவர் பக்கமே போய்விடலாம்.

தெருவில் அவரைச் சீட்டக்கா என்றால்தான் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் தப்புக்கணக்குப் போடுவார்கள். “என்னங்க, நாள் முழுக்க சீட்டு விளையாடற எடமா அது?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். “ஆமாங்க. நாலு லட்சம் சீட்டு. ஆனா இதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதில்ல” என்றார் சீட்டக்கா.

அவர் வேலை செய்வது ஓர் அகராதி அலுவலகம். மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் தொகுப்பாளர்கள் உட்கார்ந்து சொற்களுக்குப் பொருள் எழுதுவார்கள். கீழே, தரைக்கும் கீழே இருக்கும் அறையில் சுவர் முழுக்க டிராயர்கள். ஒவ்வொரு டிராயரிலும் உள்ளங்கை அகலத்தில் காகிதச் சீட்டுகள். சீட்டின் தலையில் ஒரு சொல், நடுவில் அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம், அடியில் அது எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்ற குறிப்பு. நாளிதழ், கடிதம், சுவரில் ஒட்டிய அறிவிப்பு, பொட்டலம் மடித்த காகிதம் என்று மனிதர்கள் எழுதிய எதிலிருந்தும் வாக்கியம் எடுக்கலாம். எடுத்ததை அகர வரிசையில் அடுக்குவதுதான் சீட்டக்காவின் வேலை. பதினோரு வருடமாக அதுதான்.

அதற்கு முன்பு அதே கட்டடத்தில் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு டிராயர் கழன்று விழுந்து அறுநூறு சீட்டு தரையில் சிதறியது. மேலே இருந்து ஆட்கள் இறங்கி வந்து தலையில் கை வைப்பதற்குள், தேநீர்த் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அத்தனையையும் வரிசைப்படுத்தி முடித்திருந்தார். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் எழுத்து வரிசை தூக்கத்தில் கேட்டாலும் பிசகாது. மறுவாரமே தட்டு வேறு கைக்குப் போனது. டிராயர் சாவி இவர் கைக்கு வந்தது.

சாவி வந்தது சரி. ஆனால் சீட்டக்காவின் கண் மேல் மாடியில் இருந்தது. அங்கே ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. உதவித் தொகுப்பாளர் நாற்காலி. பதினோரு வருடமாக அடுத்தவர் எழுதிய வாக்கியங்களை அடுக்கிய கைக்குத் தானும் ஒரு வரி எழுதி அது அச்சில் வர வேண்டும் என்று ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அவர் கணவர். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு காலைப்பொழுதில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. உயிருக்கு ஒன்றும் இல்லை. வாய்க்கும் ஒன்றும் இல்லை. அதுவும் பக்கவாட்டில் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டிருந்து பழைய நக்கலோடு திரும்பி வந்துவிட்டது. கைதான் இன்னும் வர மாட்டேன் என்கிறது.

திங்கட்கிழமை காலை தலைமைத் தொகுப்பாளர் சீட்டக்காவை மேலே கூப்பிட்டு அனுப்பினார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஐயா. சிரிப்பதற்கும் ஆதாரம் கேட்கிற ரகம்.

“அந்த நாற்காலிக்கு மனு போட்டிருக்கீங்க” என்றார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆமாங்கய்யா.”

“பட்டம் இல்லைன்னு கமிட்டில சொல்வாங்க.”

“சொல்வாங்கய்யா.”

“நான் வேற மாதிரி கேக்கறேன். ஒரே ஒரு சொல்லுக்கு முழுப் பதிவு எழுதிக் குடுங்க. எங்கேருந்து வந்துச்சு, என்ன பொருள், எப்படியெல்லாம் புழங்குது, எல்லாம். நான் கை வைக்காம அச்சுக்குப் போற மாதிரி இருந்தா கமிட்டிய நான் பாத்துக்கறேன்.”

“எந்தச் சொல்லுங்கய்யா?”

ஐயா பட்டியலில் விரலை ஓட்டினார். “‘சாதனம்’ முடிஞ்சுது. அடுத்து ‘சாதனை’. அதையே எடுத்துக்குங்க. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு இந்தப் பகுதி அச்சகத்துக்குப் போகுது. ஒரு நிமிஷம் தள்ளாது.”

படியில் இறங்கும்போது கமா எதிரே வந்தார். கமா என்பது மெய்ப்புத் திருத்துபவரின் பட்டப்பெயர். பேசும்போது மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவதால் வந்த பெயர். அவர் இவரை அக்கா என்பார். இவர் அவரை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

“சாதனையா? அடி சக்கை! அக்கா, ‘சாவி’ மாதிரி, ஒண்ணு மாட்டியிருந்தா, பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே.”

“சாவிதான் பதினோரு வருஷமா கையில இருக்கே அண்ணே. அது போதும்.”

சாதனை டிராயரில் நூற்று நாற்பத்து மூன்று சீட்டு இருந்தது. சீட்டக்கா தரையில் பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டினார்.

வேர் தேடுவது சிரமமாக இல்லை. ஒன்றைக் குறி தவறாமல் கொண்டு சேர்ப்பது, முடித்து வைப்பது என்ற பொருளுள்ள வடமொழி வேர்ச்சொல் ஒன்று. தமிழுக்கு வந்து பல காலம் ஆகி, வீட்டு ஆளாகவே ஆகிவிட்டது. வரும்போது தனியாகவும் வரவில்லை. முடிக்க உதவும் கருவி சாதனம். முடியக்கூடியது சாத்தியம். விடாமல் செய்து பழகுவது சாதகம். எல்லாம் ஒரே குடும்பம். ‘சாதித்தான்’ என்றால் நினைத்ததை முடித்தான். ‘தான் சொன்னதே சரி என்று சாதித்தான்’ என்றால் பிடித்த பிடியை விடவில்லை. ‘மௌனம் சாதித்தான்’ என்பது சீட்டக்காவுக்கு ரொம்பப் பிடித்தது. வாயை மூடிக்கொண்டிருப்பதைக்கூட ஒரு வேலையாக எடுத்துச் செய்து முடித்த மனிதன்! இந்தக் குடும்பத்தில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் உள்ளே ஒரு விடாப்பிடி இருப்பதாக அவருக்குப் பட்டது.

பொருளை இரண்டு குவியலாகப் பிரித்தார். முதல் குவியல் சிறியது, பழையது. ஒரு குறிக்கோளுக்காக நாள்தோறும் செய்யும் பயிற்சி. யோக சாதனை என்பது போல. இரண்டாவது குவியல் மலை. ஓட்டத்தில் சாதனை, உற்பத்தியில் சாதனை, தேர்வில் சாதனை, உலக சாதனை. மற்றவர் செய்யாததை, செய்ய முடியாததைச் செய்து காட்டுவது. ‘வெற்றி’ என்ற சொல்லோடு ஒப்பிட்டு ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டார். வெற்றி என்றதும் தோற்றவர் ஒருவர் எங்கேயோ நிற்பது போலத் தோன்றுகிறது. சாதனைக்கு அப்படி யாரும் நிற்க வேண்டியதில்லை.

எல்லாம் பிரித்த பிறகு பாயின் ஓரத்தில் இரண்டு சீட்டு மிஞ்சியது. எந்தக் குவியலிலும் சேர மறுத்தது.

ஒன்று, நாளிதழின் துணுக்குப் பகுதியிலிருந்து: ‘இந்த மழைக்காலம் முழுவதும் ஒரே குடையைத் தொலைக்காமல் வைத்திருந்ததே என் சாதனை.’ இன்னொன்று, வார இதழுக்கு ஒரு வாசகி எழுதிய கடிதம்: ‘மூன்று பிள்ளைகளையும் எட்டு மணிக்குள் பள்ளிக்கு அனுப்புவது நான் தினமும் செய்யும் சாதனை.’

சீட்டக்கா மேலே போனார்.

“மூணாவது பொருள் ஒண்ணு இருக்குங்கய்யா.”

ஐயா இரண்டு சீட்டையும் படித்தார். “இது பொருள் இல்ல. கேலி. பெரிய சொல்ல எடுத்துச் சின்ன விஷயத்துக்குப் போட்டுச் சிரிக்கறாங்க.”

“சிரிச்சாலும் சொல்றாங்களேய்யா. வீட்டுல, தெருவுல எல்லாரும் சொல்றாங்க.”

“காதுல விழுந்ததெல்லாம் அகராதியில ஏறாது. விதி தெரியும்ல?”

தெரியாமல் இருக்குமா? ஒரு பொருள் அச்சில் ஏற எழுத்தில் மூன்று ஆதாரம் வேண்டும். கையால் எழுதிய ஆதாரம் என்றால் அலுவலக ஆட்கள் இரண்டு பேர் மூலத்தைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அலுவலகத்து ஆள் எழுதியது செல்லாது. இல்லாவிட்டால் வேண்டிய வாக்கியத்தை வேண்டியவர் தானே எழுதிக்கொள்வாரே.

“ரெண்டுதான் இருக்கு” என்றார் ஐயா. “மூணாவதைக் கொண்டாங்க. இல்லைன்னா ரெண்டு பொருளோட பதிவ முடிங்க. அதுவே நல்லாத்தான் இருக்கும்.”

அதுவே போதும் என்று விட்டிருந்தால் நாற்காலி கிடைத்திருக்கலாம். சீட்டக்கா விடவில்லை. செவ்வாய் முழுக்க வேறு டிராயர்களைக் குடைந்தார். சில சமயம் ஒரு வாக்கியத்தை அதில் உள்ள வேறொரு சொல்லின் கீழே அடுக்கியிருப்பார்கள். ‘சிந்து’ என்ற சொல்லின் டிராயரில், புதன்கிழமை மத்தியானம், அது கிடைத்தது.

‘ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஆறு டம்ளரையும் மேலே கொண்டு சேர்த்ததே இன்றைய சாதனை.’

அடியில், ‘துண்டுக் காகிதம், மாடிப்படி அருகே கிடைத்தது’ என்ற குறிப்பு. தேதி, இரண்டு கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. எழுதிச் சேர்த்தவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருடம் ஆகிறது.

சீட்டக்கா அன்று மாலையே பதிவை எழுதி முடித்தார். மூன்றாவது பொருள்: ‘அன்றாட வாழ்வில் ஒருவர் செய்து முடிக்கும் சிறிய செயல், பெரும்பாலும் சிரிப்போடு சொல்வது.’ ஐயா படித்தார். இரண்டு முறை படித்தார். “ம்” என்றார். அவர் வாயிலிருந்து ‘ம்’ வருவது மற்றவர்கள் எழுந்து கை தட்டுவதற்குச் சமம். கமா படியிலேயே வாழ்த்துச் சொல்லிவிட்டார். “அக்கா, ஜன்னல் பக்கம், வெயில் அடிக்கும், திரை ஒண்ணு வாங்கிக்குங்க.”

வியாழக்கிழமை காலை தேநீர் போடுபவர் வரவில்லை. பழைய பழக்கத்தில் சீட்டக்காவே அடுப்பைப் பற்றவைத்தார். அலமாரியில் அந்தப் பழைய கம்பித் தாங்கி இருந்தது. ஆறு வளையம், நடுவில் ஒரு கைப்பிடி. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு டம்ளராக வைத்துத் தூக்கினார்.

முதல் படியில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

ஆறு டம்ளர். மேலே. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.

அந்தக் கட்டடத்தில் ஆறு டம்ளரோடு மூன்று மாடி ஏறியவர் அந்தக் காலத்தில் ஒருவர்தான். வேலைக்கு வந்த முதல் மாதம் தினமும் சிந்தும். தினமும் வசவு. சிந்தாமல் போய்ச் சேர்ந்த முதல் நாள், சர்க்கரைப் பொட்டலத்தின் காகிதத்தைக் கிழித்து, தன் சந்தோஷத்துக்காக ஒரு வரி எழுதி இடுப்பில் செருகியது ஞாபகம் வந்தது. அது எங்கே விழுந்தது என்று அன்று தேடவில்லை. வாக்கியம் பொறுக்குகிறவர்கள் நிறைந்த கட்டடத்தில் ஒரு காகிதம் விழுந்தால் விட்டுவைப்பார்களா? பெயர் இல்லாத அந்தக் காகிதத்தை யாரோ பொறுக்கி, நகல் எடுத்து, டிராயரில் போட்டுவிட்டார்கள். அவர் அடுக்கிய லட்சக்கணக்கான சீட்டில் அவரே எழுதிய வரியும் ஒன்று.

தேநீர் ஆறும் வரைக்கும் அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கமா வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுது.”

“அக்கா, நான் எதையும், காதுல வாங்கல. நீங்களும், எதையும் சொல்லல. அத எழுதினப்ப, இப்படி ஒரு நாள் வரும்னு, நெனச்சா எழுதினீங்க? அது சுத்தமான ஆதாரம்தானே?”

“சுத்தம்தான் அண்ணே. ஆனா அன்னிக்கே நான் இந்த ஆபீஸ் ஆளு. அந்த நாற்காலியில உக்காந்து அடுத்தவங்க சீட்டை இது செல்லும், இது செல்லாதுன்னு சொல்லணும். மொதல் சீட்டே என்னோட செல்லாத சீட்டுன்னா எப்படிச் சொல்வேன்?”

கமாவுக்கு இந்த முறை நிறுத்தவே தேவைப்படவில்லை. “பொழைக்கத் தெரியாத அக்கா” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தாங்கியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போனார். நாலு இடத்தில் சிந்தினார்.

சீட்டக்கா மேலே போய்ச் சொன்னதை ஐயா கேட்டுக்கொண்டார். பாராட்டவில்லை. முகம்கூட மாறவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார். மூன்றாவது பொருளின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

“நாளைக்குப் பன்னெண்டு மணி” என்றார்.

“நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போகணும்யா. எட்டு மணிக்கு. பத்தரைக்குள்ள வந்துடுவேன்.”

“பன்னெண்டு மணி” என்றார் மறுபடியும்.

வெள்ளிக்கிழமை காலை. மருத்துவமனையின் பிசியோதெரபி அறை நீளமானது. நடுவில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பிகள், ஒரு ஓரத்தில் நான்கு படி ஏறி நான்கு படி இறங்கும் மரப் படிக்கட்டு, மேசை மேல் ரப்பர்ப் பந்துகள், பித்தான் வைத்துத் தைத்த பழைய சட்டைகள். கூட வருகிறவர்களுக்குச் சுவர் ஓரமாக ஒரு பெஞ்ச். சீட்டக்கா நான்கு மாதமாக வாரத்தில் மூன்று நாள் அதே பெஞ்சில், சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் சீட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றும் அப்படித்தான். மடியில் கடைசி முயற்சியாக ஒரு கட்டுப் பழைய சீட்டு.

கணவர் எதிரே நாற்காலியில் சட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் பித்தானைத் தேடிப் போய் வழுக்கின. மறுபடி போயின. வழுக்கின. பயிற்சி கொடுக்கும் இளம்பெண் பக்கத்தில் மண்டியிட்டு இருந்தார்.

“விடாதீங்க அண்ணே. ஓட்டைக்குள்ள பாதி போயிடுச்சு.”

“ரிவர்ஸ்ல வருதும்மா” என்றார் கணவர். “ஸ்டியரிங்கைப் பாத்த கை. பித்தானைப் பாத்ததும் வெக்கப்படுது.”

பத்து நிமிடத்துக்குப் பிறகு அறையில் ஒரு சத்தம். “ரெண்டாவதும் போயிடுச்சு!” பயிற்சிப் பெண் எழுந்து பெஞ்ச் பக்கம் வந்து, சீட்டக்காவின் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த ஓர் அட்டையில் ஏதோ எழுதினார். சீட்டக்கா தலையை மட்டும் குனிந்து கொடுத்தார். கண் மடியிலேயே இருந்தது.

“இந்தாம்மா” என்று கணவர் கூப்பிட்டார். குரலில் நக்கல் இருந்தது, அடியில் வேறு ஏதோ இருந்தது. “நாலு மாசமா இந்தப் பொண்ணு என் பேரு போட்டு எழுதுது. இங்கேருந்து நான் தினம் படிக்கிறேன். நீ ஒரு நாளாவது தலையத் திருப்பிப் பாத்தியா? நாலு லட்சம் சீட்டு படிக்கிறவளுக்கு வீட்டு ஆளோட அட்டை கண்ணுல படல.”

சீட்டக்கா திரும்பினார்.

சுவரில் வரிசையாகப் பதினோரு அட்டைகள், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று. தேதி, பயிற்சி, நேரம், வலி என்று அச்சடித்த கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அச்சில் ஒன்றும் இல்லை. பயிற்சிப் பெண் தன் கையால் ஒவ்வொரு அட்டையிலும் தலைப்பு எழுதியிருந்தார்: ‘இன்றைய சாதனை’.

அதற்குக் கீழே, கணவரின் அட்டையில், மை காயாத எழுத்து: ‘யார் உதவியும் இல்லாமல் வலது கையால் சட்டையின் மேல் இரண்டு பித்தான்களைப் போட்டார்.’ அதற்கு மேலே நான்கு மாதம் இருந்தது. ‘சுண்டுவிரல் அசைந்தது.’ ‘பந்தைக் கீழே போடாமல் ஐந்து எண்ணினார்.’ ‘இன்று ஒன்றும் இல்லை, ஆனால் வந்தார்.’

அந்தக் கடைசி வரியில் சீட்டக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டவரை மல்லுக்கட்டி அழைத்து வந்துவிட்டு, இதே பெஞ்சில் உட்கார்ந்து இவர் சீட்டு அடுக்கிய நாள்.

“என்னை மன்னிச்சிடுங்க” என்றார் கணவரிடம்.

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல பித்தானைப் பாரு.”

பார்த்தார். இரண்டு பித்தானும் கொஞ்சம் கோணலாக, ஆனால் சரியான ஓட்டையில் இருந்தன. நெடுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அலுவலகமே ஞாபகம் வந்தது.

மணி ஒன்பதரை. “இந்த அட்டைய ஒரு மணி நேரம் எடுத்துட்டுப் போகலாமா?” என்று பயிற்சிப் பெண்ணைக் கேட்டார்.

“ஐயோ, முடியாதுக்கா. இது ரெக்கார்டு. அறைய விட்டு வெளிய போகக் கூடாது. பேரு இல்லாம வேணா எழுதிக்குங்க. அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

நோயாளிகள் பதினோரு பேரும் சம்மதித்தார்கள். ஒருவர், “என் பேரையும் போடுங்க” என்று சண்டைக்கே வந்தார். ஆனால் எழுதினால் மட்டும் போதாதே. கையால் எழுதிய மூலத்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும். சீட்டக்கா கமாவுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“அய்யோ, அவருக்கு, என்ன ஆச்சு?”

“ரெண்டு பித்தான் போட்டுட்டாரு. கெளம்பி வாங்க.”

கமா வந்து சேரும்போது பத்தே முக்கால். கமா சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா அட்டையையும் படித்தார். திருத்துவதற்குப் பழகிய கண் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. “இதுல ஒரு எழுத்துகூட, மாத்த முடியாதுக்கா” என்றார். பதினோரு அட்டையிலிருந்தும் அட்டைக்கு ஒரு வரியாக, தலைப்போடு சேர்த்து, பதினோரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கணவரை வழக்கமான ஆட்டோவில் வீட்டுக்கு ஏற்றிவிட்டுப் பேருந்தில் வரும்போது சீட்டக்கா தன் பதிவை மடியில் விரித்தார். ‘ஒருவர் செய்து முடிக்கும் சிறிய செயல்’ என்று தான் எழுதியதைப் பார்த்தார். சிறிய? பத்து நிமிடம் வியர்த்துப் போட்ட பித்தானா சிறியது? குடையும் பள்ளிக்கூடமும் ஆறு டம்ளரும் மட்டும் என்ன, செய்தவருக்குச் சிறியதாகவா இருந்தது? பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார். குலுங்கும் பேருந்தில் எழுத்து கோணியது. ‘ஒருவர் தம் அப்போதைய நிலையில் தமக்கு அரியதாக இருப்பதை அன்றாட வாழ்வில் செய்து முடிப்பது, சில சமயம் சிரிப்போடு சொல்வது.’

பதினொன்று நாற்பதுக்கு ஐயாவின் மேசை மேல் பதினோரு சீட்டு இருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். வெளியே அச்சகத்து ஆள் பையோடு காத்திருந்தார். பித்தான் சீட்டில் ஐயாவின் பென்சில் நின்றது.

“இது நல்லா இருக்கு.”

“ஐயா” என்றார் சீட்டக்கா. “அது எங்க வீட்டுக்காரரு.”

பின்னால் நின்ற கமா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் நன்றாகவே கேட்டது.

ஐயா தலை நிமிர்ந்தார். “எழுதினது அவரா?”

“இல்லைங்கய்யா. அங்க வேலை செய்யற பொண்ணு.”

“அப்ப செல்லும். பித்தானைப் போட்டவருக்கு விதி கிடையாது.” பென்சிலை மறுபடி எடுத்தார். எண்ணிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “ஆனா ரெண்டு வரிக்குப் போகுது. இடம் இல்ல.” வேறொரு சீட்டை எடுத்தார். ‘இன்றைய சாதனை: ஸ்பூனைத் தானே வாய்வரை கொண்டுபோனார்.’ “இது ஒரே வரியில அடங்கும்.”

பிறகு பொருளைப் படித்தார். அடித்திருந்த ‘சிறிய’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு புதிய வரியை மறுபடி படித்தார். பேருந்தில் கோணிய எழுத்தில் ஒன்றையும் தொடவில்லை. பக்கத்திலிருந்த கேள்விக்குறியை மட்டும் ரப்பரால் அழித்தார். சிவப்புப் பென்சில் கோடு லேசில் போகாது. நன்றாக அழுத்தித் தேய்த்தார். பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது அச்சகத்து ஆளின் பைக்குள் பதிவு போனது.

“திங்கக்கிழமை மேல வந்துடுங்க” என்றார் ஐயா. “அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். காகிதம் மடிச்சு வெச்சுக்குங்க. சீட்டை வெக்காதீங்க.”

அது ஐயா சொன்ன நகைச்சுவை என்று கமாவுக்குப் புரிய ஒரு நாள் ஆனது.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பித்தானைக் கழற்ற மனம் வரவில்லையாம். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் இடது கையால் மனைவியின் கையைத் தட்டினார். பிறகு யோசித்து, வலது கையை மெதுவாக நகர்த்திக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். அப்புறம் கேட்டார்.

“என் பித்தான் அகராதியில வருதா?”

“வரலைங்க. ஸ்பூன் வருது.”

“ஏன், என் பித்தானுக்கு என்ன கொறைச்சல்?”

“நீளமா இருக்காம். ரெண்டு வரிக்குப் போகுதாம்.”

கணவர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஒரு பித்தானோட நிறுத்தியிருப்பேனே.”

இப்போது அவர் ஐந்து பித்தானும் போடுகிறார். கடைசிப் பித்தானுக்கு இன்னும் நேரம் பிடிக்கிறது. சீட்டக்கா பெஞ்சில் இடம் மாறி எதிர்ப்பக்கம் உட்கார்கிறார், சுவரைப் பார்த்து. அகராதியின் அந்தப் பகுதி அச்சாகி வந்துவிட்டது. சாதனை என்ற சொல்லின் கீழே, பொருள் மூன்று என்ற எண்ணுக்கு எதிரே, அவர் எழுதிய வரி இருக்கிறது. எழுதியவர் பெயர் அங்கே இல்லை. அகராதியில் யார் பெயரும் இருக்காது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை மூடியிருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். முழுவதும் ஞாபகம் இல்லாவிட்டால் பித்தானையாவது சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.